வெறும் நெற்றி

சந்தனம் தொட்ட ஒரு சுண்டு விரல் என் நெற்றியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

என் கடைக்குள் அன்று சூரியனைக் கொண்டுவந்து கட்டிவிட்ட மாதிரி விளக்குகள். மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் பாய் விரித்து, வயசான ஆண்பிள்ளைகளாகப் பார்த்து வரிசையில் சம்மணம் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். வரிசையின் கடைசி ஆள் நான். கேமரா ஒரு தள்ளுவண்டியில் ஊர்ந்து வந்தது. சாம்பார் வாசனையும் சந்தன வாசனையும் அந்தச் சூட்டில் கலந்து, கல்யாண வீட்டுப் பந்தியைப் போல மணத்தது.

விரல் முதல் ஆளிடம் நின்றது. பிறகு அடுத்த ஆளிடம். ஒவ்வொரு நெற்றியிலும் அவசரமே இல்லாமல் பொட்டு வைத்தது. "கொஞ்சம் சீக்கிரம் தீதி!" என்று டைரக்டர் கத்தினான். விரலுக்குரியவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

நான் எதற்கும் பயந்தவன் இல்லை. அஞ்சாம் வகுப்பைத் தாண்டாமல், அரை டிராயரோடு ஹவுரா ஸ்டேஷனில் வந்து இறங்கியவன். எச்சில் தட்டு கழுவிய கையால் மூன்று கடைகளை எழுப்பியவன். கொல்கத்தாவின் வெள்ளத்தையும் வேலைநிறுத்தத்தையும் பார்த்தவன். ஆனால் அந்தச் சுண்டு விரலுக்குப் பயந்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால், கேமரா என் கடைக்குள் எப்படி நுழைந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பார்த்தது யார், செய்தது யார்

பவானிபூரில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. அருணாசலம் வயசான காலத்தில் டிவியைப் பார்த்துக் கெட்டுப்போனான் என்று. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டிவியைப் பார்த்து நான் செய்யவில்லை. என்னைப் பார்த்து டிவி செய்தது.

வாரம் ஒருநாள் வங்காளத்தில் வந்த நகைச்சுவைத் தொடர் அது. சேனல் பெயரையும் தொடர் பெயரையும் எழுதக் கூடாது என்று என் மகள் மீனா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் 'நரைக் கோஷ்டி' என்று நானே ஒரு பெயர் வைத்துக்கொள்கிறேன். ஐம்பதைத் தாண்டிய நாலு சிநேகிதர்கள். ஒருவனுக்கு முட்டி வலி. ஒருவனுக்கு வழுக்கை. ஒருவனை அவன் பெண்டாட்டி விட்டுப் போய்விட்டாள். நாலாமவனுக்குக் காலம் போன காலத்தில் காதல். நாலு பேரும் தினம் சாயங்காலம் ஒரு மெட்ராஸ் டிபன் கடையில் கூடி, தோசையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் வாருவார்கள்.

கொல்கத்தாவில் டிபன் கடைக்கா பஞ்சம்? அந்த டைரக்டர் பையன் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறான். தாடி, காதில் வளையம், என் மகளைவிட வயசு குறைவு. கடைசியாக என் கடைக்கு வந்து ஒரு காபி குடித்தான். டபராவைக் கீழே வைத்துவிட்டு, "காக்கு" என்று சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டு, "இதுதான் என் செட்" என்றான்.

பழைய மார்பிள் மேசையையும் தண்டு நீண்ட மின்விசிறியையும் பார்த்துத்தான் பிடித்தது என்று பிறகு ஏதோ பேட்டியில் சொன்னானாம். சொல்லட்டும். அவன் முகம் மாறியது காபியின் முதல் வாயில். நான் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் காபியைப் போட்டவனும் நான்தான்.

மூன்று ஆள், நாலு நாற்காலி

எங்கள் கோஷ்டி அந்தத் தொடருக்கு முந்தியது. டிவியில் நாலு பேர். நாங்கள் மூன்று பேர்.

சுந்தரம் சார் பேங்க் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம். தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்டார்கள். அவர் வருவதற்கு முன்னால் அவர் முட்டி வரும். படியேறும்போது அது போடும் சத்தத்தைக் கேட்டே நான் காபிக்குப் பாலை வைத்துவிடுவேன்.

பிரணப் தா வங்காளி. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்தவர். தலைக்கு மை பூசுகிறவர். ஒரு வருஷம் துர்கா பூஜைக் கூட்டத்தில் வேர்த்து, மை இறங்கி, வெள்ளை ஜிப்பா காலரில் கறுப்புக் கரை போட்டுவிட்டது. "பார்டர் நன்னா இருக்கே, எந்தக் கடையில எடுத்தீர்?" என்று சுந்தரம் சார் கேட்டதிலிருந்து இரண்டு பேருக்கும் தினம் ஒரு சண்டை நடக்கும். சண்டை இல்லாத நாளில் இருவருக்கும் ஜீரணம் ஆகாது.

மூன்றாவது நான். மனைவி கமலா போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. கல்லாவுக்கு மேலே படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். மீனா கல்யாணமாகி ஊரின் அந்தக் கோடியில், சால்ட் லேக்கில் இருக்கிறாள். வயசைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. மூக்குக்கண்ணாடியைக் கல்லாப்பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

மேசைக்கு நாலு நாற்காலி. நாலாவதில், அலிப்பூரில் வேலை முடிந்து வந்து உட்காருகிறவர் ஷிபானி தி.

அலிப்பூர் கோர்ட் வாசலில் டைப் அடிக்கிறவர். முதலில் மெஷின், இப்போது கம்ப்யூட்டர். அம்மாவைப் பார்த்துக்கொண்டு, தம்பியைப் படிக்க வைத்து, தன் கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் அதைப் பற்றிய பேச்சே நின்றுபோனவர். தம்பி குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டான். அம்மாவும் போனபின் வீட்டில் சாயங்காலம் டீ போடுவதை நிறுத்திவிட்டார். காபி என் கடையில். சர்க்கரை அரைக் கரண்டி, நுரை வேண்டாம். மீனா பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுக்கு வேண்டியதையெல்லாம் டைப் அடித்துக் கொடுத்தவரும் இவர்தான். மீனாவுக்கு அவர் ஷிபானி மாஷி.

இந்த ஊரில் ஆணை அண்ணன் என்கிற அர்த்தத்தில் தாதா என்றும், பெண்ணை அக்கா என்கிற அர்த்தத்தில் தீதி என்றும் கூப்பிடுவது சும்மா மரியாதைக்கு. பெயரோடு ஒட்டும்போது தா, தி என்று சுருங்கிவிடும். அவருக்கு நான் அருண் தா. எனக்கு அவர் ஷிபானி தி. பால்காரனும் அப்படித்தான் கூப்பிடுவான், போலீஸ்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். அதில் உறவு ஒன்றும் இல்லை.

உறவு வருவது பொட்டு வைக்கும்போது.

ஹவுராவில் எனக்கு என்ன வேலை

தமிழ்நாட்டில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தீபாவளி கழிந்த இரண்டாம் நாள் இங்கே பாய் ஃபோட்டா. சகோதரி சந்தனத்தை அரைத்து, இடது கைச் சுண்டு விரலால் தொட்டு, சகோதரன் நெற்றியில் பொட்டு வைப்பாள். யமன் வீட்டு வாசலில் முள்ளைப் போட்டு அடைக்கிறேன் என்கிற அர்த்தத்தில் ஒரு மந்திரம் சொல்வாள். பிறகு இனிப்பு. கூடப் பிறந்தவன்தான் என்றில்லை, யாருக்கு வைத்தாலும் வைத்ததுதான். அந்த நிமிஷத்திலிருந்து அவன் அண்ணன் அல்லது தம்பி. சாகும்வரை மாறாது.

ஷிபானி தி அன்று காலையில் தட்டோடு என் கடைக்கு வந்துவிடுவார். தம்பி வெளிநாட்டில் இருக்கிறானே என்று சுந்தரம் சாருக்கும் பிரணப் தாவுக்கும் வைப்பார். என் சமையல் மாஸ்டருக்கு வைப்பார். ஒரு வருஷம் பிரணப் தா காலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். கொட்டுகிற மழையில், ஷிபானி தி அவர் வீட்டு மாடிப்படி ஏறிப் போய் வைத்துவிட்டு வந்தார். விட மாட்டார்.

எனக்கு மட்டும் வைத்ததில்லை. ஏனென்றால் அன்றைக்கு நான் கடையில் இருந்ததில்லை.

ஹவுராவில் என் மாவு அரைக்கிற இடம் இருக்கிறது. பெரிய கிரைண்டர். பாய் ஃபோட்டா வந்தால் அந்தக் கிரைண்டருக்கு ஏதாவது வந்துவிடும். ஒரு வருஷம் பேரிங். ஒரு வருஷம் பெல்ட். ஒரு வருஷம் கல் கொத்த ஆள் வருகிறான் என்றேன். விடியற்காலையில் பாபுகாட் படித்துறையில் படகேறி, ஆற்றின் அக்கரைக்குப் போய்விடுவேன். அங்கே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கிரைண்டருக்கு எதிரில் ஸ்டூல் போட்டு, சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பேன். அரைத்த உளுந்து பொங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதைவிட வெள்ளையான ஒன்றை நான் பார்த்ததில்லை. என் உளுந்து அப்படி.

எதற்காக ஓடுகிறேன் என்று என்னை நானே கேட்டுக்கொண்டதும் இல்லை. வியாபாரிக்கு வேலை இருக்கும், போகிறான். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நரைக்கு மேல் நரை

மழை விட்டும் விடாமலும் இருந்த நாட்கள். பண்டிகைக்கு வெகு முன்னாலேயே பாய் ஃபோட்டாக் காட்சியை எடுத்துவிட வேண்டும் என்றான் டைரக்டர். நடிகர்கள் நாலு பேரோடு, கடையின் நிஜ வாடிக்கையாளர்களும் வரிசையில் உட்கார வேண்டும். எங்கள் மூன்று பேரையும் கேட்டான். கேட்க வேண்டியதே இல்லை, பிரணப் தா முதல் நாளே புதுசாக மை பூசிக்கொண்டு தயாராகிவிட்டார்.

மேக்கப்காரர் அவர் தலையைப் பார்த்துவிட்டு, பவுடர் டப்பாவைத் திறந்து வெள்ளையாகத் தூவ ஆரம்பித்தார்.

"என்னப்பா செய்யற?"

"டைரக்டர் நரை கேட்கிறார், தாதா."

"நரையா? இருந்த நரையை மறைக்க நேத்து முழுக்க உட்கார்ந்திருந்தேன்!"

"முன்னாடியே கேட்டிருந்தா மை பூசாமயே வந்திருக்கலாம். இப்போ நரைக்கு மேல மை, மைக்கு மேல நரை. உம்ம தலையில மண்டை எத்தனாவது மாடியில இருக்கு?" என்றார் சுந்தரம் சார்.

அடுத்தது என் முறை. மேக்கப்காரர் ஈரத்துணியை எடுத்து என் நெற்றித் திருநீற்றைத் துடைக்க வந்தார். கையைப் பிடித்துவிட்டேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து திருநீறு இல்லாமல் நான் கடைக்குள் கால் வைத்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட மீனா பூசிவிட்டிருக்கிறாள்.

"வெள்ளை மேல வெள்ளை தெரியாது, தாதா. சந்தனம் கேமராவுல விழணும்."

எல்லோரும் காத்திருந்தார்கள். சரி, கலைக்காக என்று நெற்றியைக் கொடுத்தேன். துடைத்த இடத்தில் காற்றுப் பட்டது. சட்டை போடாமல் தெருவில் நிற்பதுபோல இருந்தது.

அப்போதுவரை எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. பொட்டு வைக்கப்போவது ஒரு நடிகை. யாரோ ஒரு பெண், கூலிக்கு வருகிறவர். வைத்துவிட்டுப் போகட்டும்.

தெருவில் முட்டளவு தண்ணீர். நடிகையின் கார் எங்கோ நின்றுவிட்டது. டைரக்டர் தாடியைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகியபடி, தன் காபிக்காக உள்ளே வந்தார் ஷிபானி தி.

டைரக்டர் அவரைப் பார்த்தான். நான் டைரக்டரைப் பார்த்தேன்.

சுண்டு விரல்

"எனக்கு நடிக்கத் தெரியாதுப்பா" என்றார் ஷிபானி தி.

"நடிக்கவே வேண்டாம் தீதி. கையை மட்டும் காட்டுங்க. மேக்கப்காரர் வெள்ளையா ஒரு பேஸ்ட் தருவார்."

"பேஸ்ட் பல்லுக்கு. சந்தனம் கொண்டு வா."

"டிவியில ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்."

"டிவிக்கு ஒண்ணு. யமனுக்கு வேற."

நடிகர்கள் சிரித்தார்கள். ஷிபானி தி சிரிக்கவில்லை. என் கடைச் சாமி அலமாரியிலிருந்த சந்தனக் கட்டையை எடுத்துக் கல்லில் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "கோர்ட் வாசல்ல நாள் முழுக்க மத்தவங்க சொல்றதைத்தான் டைப் அடிக்கிறேன். என் வாயால நானாச் சொல்றது வருஷத்துல இது ஒண்ணு. அதைப் பொய்யாச் சொல்ல எனக்கு வராது. இன்னிக்கு நான் பொட்டு வைக்கிற ஆள் எல்லாரும் எனக்கு அண்ணன் தம்பிதான். நீங்க கேமராவை எடுத்துக்கிட்டுப் போனாலும் அப்படித்தான். வேண்டாம்கறவங்க இப்பவே எழுந்துக்கலாம்."

நடிகர்கள் நாலு பேரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். சுந்தரம் சாரும் பிரணப் தாவும் பழைய சகோதரர்கள்.

எழுந்துகொள்ள வேண்டியவன் நான் ஒருவன்தான். எழுந்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் நாளையிலிருந்து அந்த நாலாவது நாற்காலி காலியாகிவிடலாம். உட்கார்ந்தே இருந்தால் நாற்காலி இருக்கும், ஆனால் அதில் என் தங்கை உட்கார்ந்திருப்பாள். இந்த இரண்டில் எது நஷ்டம் என்று கணக்குப் போடுவதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

விரல் கிளம்பியது.

நடிகர்கள் முடிந்தார்கள். பிரணப் தா முடிந்தார். சுந்தரம் சார் கண்ணை மூடிக்கொண்டு பக்தியாக வாங்கிக்கொண்டார். டைரக்டர் மறுபடியும், "சீக்கிரம் தீதி, லைட் சுடுது!" என்றான். ஷிபானி தி என் முன்னால் வந்து மண்டியிட்டார். மழையில் நனைந்த புடவை வாசனை. மூக்குக்கண்ணாடியில் ஒரு துளி தண்ணீர். சுண்டு விரல் நுனியில் சந்தனம் லேசாகக் காய ஆரம்பித்திருந்தது. உதடு மந்திரத்தைத் தொடங்கியது.

என் கை தானாக எழுந்தது. சலாம் வைக்கிறவன் மாதிரி நெற்றியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். விரல் வந்து என் புறங்கையில் முட்டி நின்றது.

கேமரா வண்டி என் எதிரில் வந்து நின்றது.

ஏதாவது சொல்ல வேண்டுமே. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "எனக்கு... ஹவுராவுல கொஞ்சம் வேலை இருக்கு. கிரைண்டர்..."

சுந்தரம் சார் கண்ணைத் திறந்தார். "ஷூட்டிங்லயும் ஹவுராவா ஓய்!" என்றார்.

அவ்வளவுதான். பிரணப் தா நெற்றியில் அடித்துக்கொண்டு, புதுப் பொட்டையே கலைத்துவிட்டார். "அடப் பாவி, அதனாலதானா ஒவ்வொரு வருஷமும்!" நடிகர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரித்தார்கள். டைரக்டர் மட்டும் சிரிக்காமல், கேமராக்காரரிடம் நிறுத்தாதே என்று கையைக் காட்டினான். பிள்ளைக்குத் தொழில் தெரியும்.

ஷிபானி தி என் புறங்கையில் ஒட்டிய சந்தனத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டார். செருப்பை எடுத்துக்கொண்டு, காபி குடிக்காமல், தண்ணீரில் இறங்கிப் போய்விட்டார்.

அலிப்பூர்

மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நாலாவது நாற்காலியில் யாரோ ஒரு காலேஜ் பையன் பையை வைத்தான். எடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டேன். நான் வாடிக்கையாளரிடம் சத்தம் போட்டதை என் மாஸ்டர் அன்றுதான் பார்த்தான்.

"போய்ப் பேசும் ஓய்" என்றார் சுந்தரம் சார்.

"என்னன்னு பேசுவேன் சார்? நான் படிச்சவனா?"

"இதுக்கு எந்தப் படிப்புங்காணும் வேணும்? நான் எம்.ஏ. ஆத்துக்காரிகிட்ட இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை ஜெயிச்சதில்லை."

பிரணப் தா அதையே வேறு மாதிரி சொன்னார்: "நீ போகலைன்னா நான் போய் உன் சார்பாப் பேசுவேன்." அந்த அபாயத்தை நினைத்ததும் ஆட்டோ பிடித்துவிட்டேன்.

அலிப்பூர் கோர்ட் வாசலில், மரத்தடியில், நீலப் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே ஷிபானி தி உட்கார்ந்திருந்தார். எதிரே ஆட்கள் உட்காரும் ஸ்டூல். என் முறை வரும்வரை வரிசையில் நின்றேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் தலையைத் தூக்கவில்லை. நாங்கள் பேசியது வங்காளத்தில், நான் தமிழில் எழுதுகிறேன்.

"என்ன டைப் பண்ணணும்?"

"ஒண்ணும் இல்லை."

"அப்ப ஸ்டூலைக் காலி பண்ணுங்க. ஆள் நிக்குது."

"காபிக்கு வரலையே?"

இப்போதுதான் நிமிர்ந்தார். "கிரைண்டர் எப்படி இருக்கு?"

எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். மீனாவைப் பற்றி, கமலாவைப் பற்றி, என் மூன்று கடைகளைப் பற்றி. எல்லாம் எங்கோ போய்விட்டது.

"அது ஒருநாளும் கெட்டுப்போனதில்லை" என்றேன்.

கீபோர்டில் இருந்த விரல்கள் நின்றன. பின்னால் நின்ற ஆள் இருமினான். "கொஞ்சம் பொறுங்க, இவருது நீளமான கேஸ்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"ஹவுரா எவ்வளவு தூரம், அருண் தா?"

"படகுல போனா கிட்டத்தான்."

"பிரணப் தாவுக்குக் கால் உடைஞ்சப்ப நான் என்ன செஞ்சேன்?"

"வீட்டுக்கே போய்ப் பொட்டு வச்சீங்க. மழையில."

"பொட்டு வைக்கணும்னு நினைச்சா ஆத்தைத் தாண்டி ஹவுராவுக்கு வந்திருக்க மாட்டேனா? ஒரு வருஷமாவது வந்தேனா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அன்னிக்கு வரிசையில வந்து உட்கார்ந்துட்டீங்க. உட்கார்ந்த ஆளை எப்படித் தாண்டிப் போறது? அதான் சொன்னேன், வேண்டாம்கறவங்க எழுந்துக்கங்கன்னு. நீங்க எழுந்துக்கலை. ஒவ்வொரு ஆளுக்கிட்டயும் எவ்வளவு நேரம் நின்னேன். அந்தப் பையன் சீக்கிரம் சீக்கிரம்னு கத்தினான். எவ்வளவு மெதுவா வர முடியுமோ அவ்வளவு மெதுவா வந்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லவேளை, கடைசி நிமிஷத்துல உங்க கைக்காவது புத்தி வந்தது."

"பிறகு ஏன் கடைக்கு வரலை?"

"நான் வந்துதான் ஆகணுமா? வருஷா வருஷம் அவ்வளவு தூரம் படகுல போற ஆளுக்கு அலிப்பூர் வரத் தெரியாதா?"

பின்னால் நின்றவன் மறுபடி இருமினான். ஷிபானி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆறு மணிக்கு வரேன். போய்ப் பாலைக் காய்ச்சு" என்றாள்.

'காய்ச்சுங்க' இல்லை, 'காய்ச்சு'. அருண் தாவும் இல்லை. அன்றிலிருந்து எனக்கும் அவர் அவள்தான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்

மீனாவிடம் சொல்லத்தான் நடுங்கினேன். கல்யாண விஷயத்தைப் போனில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பிறகு, "அப்பா, மாஷின்னா தமிழ்ல என்ன?" என்று கேட்டாள்.

"சித்தி."

"அப்ப நான் சின்ன வயசுலேருந்து சரியாத்தானே கூப்பிட்டுட்டு வரேன்?" கொஞ்சம் அழுதாள். அம்மா படத்தைக் கல்லாவிலிருந்து எடுத்துவிட வேண்டாம் என்றாள். எடுக்கவில்லை. கமலா இன்றும் அங்கேதான் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அலிப்பூரிலேயே கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டோம். சாட்சிக் கையெழுத்துப் போட சுந்தரம் சாரும், தலைக்கு மை பூசாமல் பிரணப் தாவும் வந்தார்கள். மை பூசாத பிரணப் தாவை முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

தொடரில் அந்தக் காட்சி அப்படியே வந்தது. கடை டிவியில் எல்லோரும் பார்த்தோம். என் சட்னியின் நிறம் சரியாக வரவில்லை, நேரில் இன்னும் நன்றாக இருக்கும். மற்றபடி என் நடிப்பில் குறை ஒன்றும் இல்லை. சில வாரம் கழித்து, கதையில் அந்த நாலாமவனும் தான் விரும்பியவள் பொட்டு வைக்க வரும்போது நெற்றியைப் பொத்திக்கொண்டான். பெரிய நடிகர். ஆனாலும் கையைத் தூக்கியதில் என் வேகம் இல்லை. ஊர்க்காரர்கள் முன்பின்னாகப் புரிந்துகொண்டு, நான் அவரைப் பார்த்துச் செய்ததாகச் சொல்கிறார்கள். இப்போது விளங்கியிருக்கும்.

வாழ்க்கையில் எல்லாம் என் கையால் சம்பாதித்தது என்று இந்தப் பக்கங்களில் பலமுறை எழுதியிருக்கிறேன். உண்மைதான். இது ஒன்று மட்டும் என் கையால் வந்தாலும் நான் சம்பாதித்ததில்லை. தண்ணீரில் நின்றுபோன ஒரு கார், காபி குடிக்க வந்த ஒரு தாடிக்காரன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத சுந்தரம் சார். எல்லோருக்கும் என் கும்பிடு.

இப்போது பாய் ஃபோட்டாவுக்கு நான் ஹவுரா போவதில்லை. காலையில் சந்தனத்தை நானே அரைத்துக் கொடுக்கிறேன். மாவு அரைத்துக் காய்த்த கை, சந்தனம் வெண்ணெயாக வரும். மூன்று பேர் வரிசையில் உட்காருவார்கள். சுந்தரம் சார், பிரணப் தா, என் மாஸ்டர். நான் கல்லாவில் நிற்பேன். ஷிபானி தட்டோடு என்னைத் தாண்டிப் போவாள், ஏறிட்டும் பார்க்காமல். அப்படித் தாண்டிப் போகும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அன்று ஒருநாள் மட்டும் நான் திருநீறு பூசுவதில்லை. நெற்றியை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, மெட்ரோ வாசல்வரை ஒரு நடை போவேன். பவானிபூரில் எதிரே வருகிற ஆண்பிள்ளை ஒவ்வொருவன் நெற்றியிலும் சந்தனம். என் நெற்றி மட்டும் வெறுமை. நிமிர்ந்து நடப்பேன்.

மூலையில் இருக்கும் மிட்டாய்க் கடைக்காரர் புதுசு, என் கதை அவருக்குத் தெரியாது. போன வருஷம் என் நெற்றியைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"தாதா, பொட்டு வைக்க உங்களுக்கு யாருமே இல்லையா?"

"இல்லை தாதா" என்றேன், கூடிய மட்டும் சோகமாக.

ஐயோ பாவம் என்று, சந்தேஷ் என்கிற பால் இனிப்பு ஒன்றை இலையில் சுற்றிக் கையில் வைத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அதை அப்படியே கொண்டுவந்து ஷிபானியிடம் கொடுத்தேன்.

"யார் குடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே வாயில் போட்டுக்கொண்டாள்.